பாதித் திருகு

கேள்வி: என் காரிலுள்ள 4 ஓம் சப்வூஃபர் (தாழ்ஒலி ஸ்பீக்கர்) 300 வாட் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ச்சியாக 300 வாட், தாங்கும், ஆம்ப்ளிஃபையரோ 600 வாட் தரக்கூடியது. கெயின் திருகைப் பாதியில் வைத்துவிட்டால் பாதி வாட்தானே போகும்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: சாவியைப் பாதி திருப்பினால் காரின் முன்பாதி மட்டும் நீடாமங்கலம் போய்ச் சேர்ந்து, பின்பாதி வரும்வரை ரயில்வே கேட்டில் காத்திருக்குமா? கெயின் திருகிடம் மட்டும் ஏன் இந்தப் பாதிக் கணக்கு? ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபையரைப் பொருத்துவதுதான் அதன் வேலை. சிக்னல் வலுவாக இருந்தால் பாதித் திருகிலேயே 600 வாட்டும் வெளியே வந்துவிடும். வோல்ட்டைப் பாதியாக்கினாலும் பாதி வாட் கிடைக்காது, கால்பங்கே கிடைக்கும்.

300-ஐ 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருகிற 34.6 வோல்ட்தான் உங்கள் எல்லை. சப்வூஃபர் ஒயரைக் கழற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, தாழ்ஒலியைத் தூக்கிக் காட்டும் பாஸ் பூஸ்ட்டை அணைத்து, ஸ்டீரியோவின் ஒலியளவை முக்காலில் நிறுத்தி, முழு அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் மல்ட்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, அடியிலிருந்து திருகை மெல்ல ஏற்றி, 34-ஐத் தொட்டதும் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். மீட்டரைத் தொடாமல் காதாலேயே கெயின் வைத்துத் தருகிற கடைக்காரர்களோடு எனக்குள்ள பழைய வழக்கு இன்னும் தீரவில்லை.

600 வாட் வாங்கியதைக் குறை சொல்லமாட்டேன். கேட்டில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டை அலறவிடும்போது பேட்டரி 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்க, சிறிய ஆம்ப்ளிஃபையர் மூச்சுத் திணறி அலையின் தலையைச் சீவிவிடும். அப்படிச் சீவப்பட்ட அலைதான் சப்வூஃபருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலைச் சூடேற்றுகிறது. வார்னிஷ் கருகும் நாற்றம் வந்தபின் சப்வூஃபரின் முகத்திலுள்ள கூம்பை, அதாவது கோனை, நான்கு விரல்களால் சமமாக அழுத்திப் பாருங்கள். உள்ளே கரகரவென்று உரசினால் காயில் போய்விட்டதென்று பொருள்.

ஃபியூஸ் எல்லாவற்றையும் காக்கும் என்று இப்பக்கத்தில் முன்பு வாதாடிய கும்பகோணத்து அன்பருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஃபியூஸ் காப்பது பேட்டரி ஒயரை, சப்வூஃபரின் நலத்தை அது விசாரிப்பதேயில்லை. டேஷ்போர்டில் தனியாக ஒரு பாஸ் திருகு தொங்கினால் அதையும் கழற்றி வைத்துவிடுங்கள். உங்கள் மைத்துனர் அதை 3 டெசிபல் ஏற்றினாலே, நீங்கள் மீட்டர் வைத்து 300-இல் நிறுத்திய வாட் 600 ஆகிவிடும்.