வெளியே போனால் என் நாய் என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கவனிக்க வைப்பது எப்படி?

நாயின் வயதை நீங்கள் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு மேல், ஒன்றரை வயதுக்குள் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள் தங்கக்கம்பி, வாசல் தாண்டினால் நீங்கள் யாரோ, அது யாரோ. எங்கள் மணியும் அப்படித்தான் இருந்தான்.

ஒரு தடவை நடக்கப் போனால் "மணி, மணி" என்று நாற்பது முறையாவது கத்தியிருப்பேன். புல்லில் வைத்த மூக்கை எடுக்க மாட்டான். ஒரு நாள் ஆத்திரத்தில் காலரைப் பிடித்து இழுத்தேன். காதைப் பின்னால் மடித்துக்கொண்டு அப்படியே படுத்துவிட்டான். அப்போதுதான் உறைத்தது. பாதி நேரம் திட்டுவதற்கு, மீதி நேரம் விளையாட்டை நிறுத்திக் கயிறு மாட்டுவதற்கு. அந்தப் பெயரை வேறு எதற்கு நான் கூப்பிட்டேன்?

என் மேலதிகாரியும் இப்படித்தான். ஆறு வருடத்தில் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததெல்லாம் குறை சொல்ல மட்டுமே. பதவி உயர்வு வேறு ஒருவருக்குப் போனதைச் சொல்லக்கூட அவர் கூப்பிடவில்லை. அவர் குரல் கேட்டால் நானும் கணினித் திரையை முறைத்துப் பார்ப்பேன். சரி, அதை விடுங்கள்.

பெயரைக் கொஞ்ச நாள் ஓரங்கட்டிவிட்டு "பார்" என்று புதிதாக ஆரம்பித்தேன். முதலில் கூடத்தில், மூன்றே நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. ஒரு முறைதான் சொல்ல வேண்டும். கண்ணைப் பார்த்த நொடியே "சபாஷ்", உடனே வாயில் ஒரு சின்னக் கோழித்துண்டு. தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. சொல்லாமலே தானாக நம்மைப் பார்த்தாலும் கொடுங்கள். அப்புறம் வாசல், அப்புறம் ஆளில்லாத நேரத்தில் தெரு.

வெளியே எல்லாமே தூரத்தைப் பொறுத்ததுதான். பத்தடியில் இன்னொரு நாய் நின்றால் மணிக்குக் காது கிடையாது. ஐம்பதடி தள்ளிப் போனால் அதே மணி திரும்பிப் பார்ப்பான். பிடித்த தீனியையே நாய் வாங்கவில்லை என்றால் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். குரலை உயர்த்தாதீர்கள், நாயோடு தள்ளிப் போங்கள்.

"இது லஞ்சம், நாலு போட்டால் தானாகக் கேட்கும்" என்று சொல்ல ஆள் வருவார்கள், தெரியும். முன்கூட்டியே காட்டினால்தான் லஞ்சம். வேலை முடிந்தபின் கொடுத்தால் கூலி. கூப்பிடும்போது என் கை காலியாகத்தான் இருக்கும். பழகியபின் எப்போதாவதுதான் கொடுத்தேன். நான் பயிற்சியாளன் இல்லை, ஒரே ஒரு நாய் வளர்த்தவன். வீட்டுக்குள்ளும் திடீரென்று கேட்காமல் போனால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள்.

கோழியைவிட நன்றாக வேலை செய்தது வேறு. நமக்கு மோப்ப உணர்விகள் 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கும் மேல். அந்த மூக்கோடு போட்டி போட முடியுமா? அதனால் என்னைப் பார்த்தால் "போ" என்று மோப்பம் பிடிக்கவே விட்டுவிடுவேன். கூப்பிட்டால் விளையாட்டு நின்றுவிடாது என்று தெரிந்தபின் வேகமாகவே வந்தான்.

இப்போது மணிக்கு நாலு வயது. நாய், சைக்கிள், பந்து எதுவானாலும் திரும்பிப் பார்ப்பான். பூனை குறுக்கே ஓடினால் மட்டும் இன்னமும் நான் யாரோதான். அதற்கு ஐந்து மீட்டர் கயிறு வைத்திருக்கிறேன்.