நாஃப்தலீனில் ஆக்சிஜனைச் சேர்க்கும் நொதியான நாஃப்தலீன் டைஆக்சிஜனேஸின் பெரிய புரதத்தைப் பிரித்தெடுத்து, எலக்ட்ரான் தரும் என்ஏடிஎச் மூலக்கூறைச் சேர்த்தும் விளைபொருள் வரவில்லை. நொதி செத்துவிட்டதா?

செத்திருக்க வேண்டியதில்லை. எலக்ட்ரான் கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

சூடோமோனாஸ் பாக்டீரியாவில் இந்த நொதி மூன்று புரதங்களின் கூட்டு: ரிடக்டேஸ், ஃபெரிடாக்சின், வினையை நடத்தும் பெரிய புரதமான ஆக்சிஜனேஸ். என்ஏடிஎச் எலக்ட்ரான்களை இரண்டிரண்டாகத்தான் கொடுக்கும். ஆக்சிஜனேஸில் உள்ள ரிஸ்கே இரும்பு-கந்தக மையத்துக்கு ஒவ்வொன்றாகத்தான் வாங்கத் தெரியும். ரிடக்டேஸில் உள்ள எஃப்ஏடி என்ற துணை மூலக்கூறு அந்த இரண்டையும் வாங்கிச் சில்லறையாக மாற்றுகிறது. ஃபெரிடாக்சின் என்ற சிறு புரதம் அவற்றை ஒவ்வொன்றாகச் சுமந்து போகிறது. ஒரு நாஃப்தலீன் மூலக்கூறு விளைபொருளான சிஸ்-டைஹைட்ரோடையால் ஆக, ஃபெரிடாக்சின் இரண்டு நடை போயாக வேண்டும்.

முதலில் ஆக்சிஜனேஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிஜன் இல்லாத பெட்டிக்குள் எலக்ட்ரான் தரும் வேதிப்பொருளான டைதயோனைட்டால் ஒடுக்கி, மிச்ச டைதயோனைட்டை உப்புநீக்கும் பத்தியில் அகற்றிவிட்டு, நாஃப்தலீனும் ஆக்சிஜனும் கலந்த இடையகக் கரைசலைச் சேர்க்கவும். ஃபெரிடாக்சின் இல்லாமலே ஒரே ஒரு சுற்று வினை நடந்து கொஞ்சம் டைஹைட்ரோடையால் வரும். கலவையைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் 262 நானோமீட்டரில் பார்க்கலாம். வந்தால் ஆக்சிஜனேஸ் நலம். குறை எலக்ட்ரான் வழியில்தான்.

வராவிட்டால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, வினைமையத்தின் இரும்பு கழன்றிருக்கலாம். ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட் 100 மைக்ரோமோலார் சேர்த்துப் பாருங்கள். மற்றொன்று, மூன்று α, மூன்று β துணையலகுகள் சேர்ந்த α3β3 அறுமம் உடைந்திருக்கலாம். ஒரே α துணையலகில் ரிஸ்கே மையமும் வினைமைய இரும்பும் சுமார் 44 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்கின்றன; அவ்வளவு தூரம் எலக்ட்ரான் தாவாது. பக்கத்துத் துணையலகின் ரிஸ்கே மையமோ சுமார் 12 ஆங்ஸ்ட்ராமில், ஆஸ்பார்டேட் 205 என்ற அமினோ அமிலம் பாலமாக நிற்க, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அறுமம் உடைந்தால் பாலமும் போச்சு. புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் வடிகட்டலில் இது உடனே தெரிந்துவிடும்.

முழு அமைப்பையும் ஓட்ட: பிஎச் 6.8 எம்இஎஸ் இடையகம் 50 மில்லிமோலார், ஆக்சிஜனேஸ் 0.5 மைக்ரோமோலார், ரிடக்டேஸ் அதே அளவு, என்ஏடிஎச் 200 மைக்ரோமோலார். ஃபெரிடாக்சினில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ஆக்சிஜனேஸைப் போல் 5 முதல் 10 மடங்கு வையுங்கள். சுமந்து ஓடுகிற புரதம் குறைந்தால் அளப்பது ஆக்சிஜனேஸின் வேகம் அல்ல, ஃபெரிடாக்சினின் வேகம். சுத்திகரிப்பில் ரிடக்டேஸ் எஃப்ஏடியை இழப்பது சகஜம். கொஞ்சம் எஃப்ஏடி சேருங்கள். நாஃப்தலீன் தண்ணீரில் 0.24 மில்லிமோலாருக்கு மேல் கரையாது, மெத்தனாலில் கரைத்து விடவும்.

340 நானோமீட்டரில் என்ஏடிஎச் குறைவதை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள்! பென்சீன் போன்ற பொருந்தாத சேர்மம் போட்டால் என்ஏடிஎச் தீரும், அதற்கேற்ற அளவு விளைபொருள் வராது. எலக்ட்ரான்களில் ஒரு பங்கு ஆக்சிஜனுக்குப் போய் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகி நொதியையே கெடுக்கும். விளைபொருளை என்ஏடிஎச் செலவால் வகுத்துப் பார்த்து, 1-க்கு வெகுவாகக் குறைந்தால் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

வேறு ஃபெரிடாக்சினை மாற்றி வைக்கும் யோசனை இருந்தால், நெருங்கிய உறவுள்ள நொதியிலிருந்தே எடுங்கள். டொலுயீன், பைஃபீனைல் டைஆக்சிஜனேஸ்களுக்கு இடையே மாற்றினால் வேலை நடக்கும். கண்ட ஃபெரிடாக்சினும் ஒட்டாது, மேற்பரப்பு பொருந்த வேண்டும்.