அடைப்புக்குறிக்குள் ஒரு தம்பி

கேள்வி: எனக்கு வயது 28. சொந்த ஊர் காரைக்குடி, வேலை பெங்களூரில். சூப்பர் ஹீரோ படங்கள் என்றால் உயிர். 2025 மே மாதம் ‘தண்டர்போல்ட்ஸ்*’ வந்தபோது வேலை நெருக்கடியால் உடனே பார்க்க முடியவில்லை. அதற்குள் என் தம்பி (சித்தப்பா பிள்ளை கூட்டிக்கொண்டவன், அதாவது தத்தெடுத்தவன், அவனுக்கும் எங்கள் அப்பாவைப் பெற்ற ஐயா பெயர்தான்) ‘தி நியூ அவெஞ்சர்ஸ்’ என்று பெயர் மாறிய போஸ்டரைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். பழைய சூப்பர் ஹீரோ அணியான அவெஞ்சர்ஸின் பெயர் இந்தப் புதுக் கூட்டத்துக்குக் கிடைப்பதுதான் படத்தின் திருப்பமே. எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் படம் பார்த்துவிட்டு, ‘இந்தக் கூட்டத்துக்கு அவெஞ்சர்ஸ் என்ற பெயரில் என்ன பாத்தியதை?’ என்று கேட்டேன். ‘பெயருக்குத் தக்கபடி நடந்தால் போதாதா?’ என்றான். ‘பெயரை ஒட்டிக்கொண்டால் மட்டும் வாரிசு ஆகிவிட முடியாது’ என்று எழுதினேன். படத்தைப் பற்றித்தான் சொன்னேன். அவன் தப்பாக எடுத்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டான். இன்றுவரை பேச்சில்லை. அடுத்த மாதம் ஊரில் முன்னோருக்குப் படைப்பு. அவன் வருவான் என்பதால் போகவே யோசனையாக இருக்கிறது. யார் பக்கம் நியாயம்?

பதில்: சினிமாவில் ஆரம்பித்துப் பங்காளிச் சண்டையில் வந்து நிற்கிற கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது படத்தைப் பற்றிய வரிகளை இல்லை. அந்த அடைப்புக்குறியைத்தான்.

‘சித்தப்பா பிள்ளை கூட்டிக்கொண்டவன்.’ இதை ஏன் எழுதினீர்கள்? போஸ்டரைப் போட்டது யார் என்று சொல்ல ‘என் தம்பி’ போதும். அவருக்கு என்ன வயது, என்ன படித்தார், எங்கே வேலை, ஒன்றுமே நீங்கள் எழுதவில்லை. முன்பின் தெரியாத எனக்கு அவரைப் பற்றிச் சொல்ல உங்களுக்குத் தோன்றியது அந்த ஒன்றுதான். ‘அவனுக்கும்’ என்று ஒரு உம் வேறு.

அதனால், படத்தைப் பற்றித்தான் சொன்னேன் என்பதை நான் நம்பவில்லை. உங்கள் தம்பி தப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. நீங்கள் எழுதியதை எழுதிய அர்த்தத்திலேயே படித்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து இந்த வாக்கியத்தை வேறு வேறு வாயிலிருந்து கேட்டிருப்பார். விசேஷ வீட்டுப் பந்தியில் யாரோ ஒரு பெரியவர், ‘இது யாரு, ஓ, கூட்டி வந்த பிள்ளையா?’ என்று கேட்டிருப்பார். அண்ணன் வாயிலிருந்தும் அதுவே வந்தபோதுதான் அவர் எழுந்து போயிருக்கிறார்.

போஸ்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். படம் இந்தியாவில் மே 1-ஆம் தேதி வந்தது, அமெரிக்காவில் 2-ஆம் தேதி. 5-ஆம் தேதி திங்கட்கிழமை, எடுத்த மார்வெல் நிறுவனமே புதுப் பெயரைப் போட்டு ஊருக்கெல்லாம் காட்டிவிட்டது. ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லையே என்று உங்களைப் போல ரசிகர்கள் வருத்தப்பட்டது நியாயம்தான். அந்த வருத்தத்தை அந்த நிறுவனத்தின் மேல் காட்டியிருக்க வேண்டும். அண்ணன் பார்த்துவிட்டாரா என்று தம்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காதது அவர் தப்பு. அதற்கு ஒரு நாள் கோபம் போதும்.

பாத்தியதை பற்றிக் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். என் பேரன் போட்டுக் காட்டி நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். உயிர் என்று சொல்கிற நீங்கள் அதை எப்படிப் பார்த்தீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை. ‘தண்டர்போல்ட்ஸ்’ என்ற பெயர் எங்கிருந்து வருகிறது? படத்தின் நாயகி யெலேனா சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆடிய கால்பந்து அணியின் பெயர் அது. அதை இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்து எடுத்துக் கொடுப்பவர் அலெக்ஸி. அவர் அவளைப் பெற்ற அப்பா இல்லை. ரஷ்ய உளவு வேலைக்காக அமெரிக்காவின் ஒஹையோவில் மூன்று வருஷம் அப்பா, அம்மா, இரண்டு மகள்கள் என்று சேர்த்துவைத்த வீடு அது. ரத்தத்தில் ஒட்டில்லாத அந்த வீட்டில்தான் நடாஷா அவளுக்கு அக்கா ஆனாள். 2012-இல் வந்த முதல் அவெஞ்சர்ஸ் படத்தில் நின்ற ஆறு பேரில் ஒருத்தி அந்த நடாஷா. யெலேனாவுக்கு அந்தப் பெயரில் என்ன பாத்தியதை என்று இப்போது சொல்லுங்கள். மனசு உடைந்து அவள் நடுத்தெருவில் அழும்போது ஆறுதல் சொல்ல வருகிறவரும் அந்த அலெக்ஸிதான். இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு வந்தா தம்பிக்கு வாரிசு உரிமை பற்றிப் பாடம் எடுத்தீர்கள்?

அவர்களுக்கு அவெஞ்சர்ஸ் என்று பெயர் சூட்டுகிற உளவுத் துறைத் தலைவி வாலென்டினா தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அதைச் செய்கிறாள். அது மோசடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1997-இல் ‘தண்டர்போல்ட்ஸ்’ காமிக்ஸாக வந்தபோதும் அப்படித்தானாம், பேரன் சொன்னான். புதிதாக வந்த வீரர்கள் எல்லாம் வேஷம் கட்டிய பழைய வில்லன்கள் என்று முதல் இதழின் கடைசியில் தெரியவரும். போகப் போக அவர்களில் சிலருக்கு நல்லவர்களாக இருப்பது நிஜமாகவே பிடித்துப்போய், தங்கள் தலைவனையே எதிர்த்து நின்றார்கள். உங்கள் தம்பி கேட்டதும் இதைத்தானே?

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். என் அண்ணனை ஒன்பது வயதில் தேவகோட்டையில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை கொடுத்தார்கள். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், கோலம் போட்டு, பட்டு வேட்டி கட்டி உட்கார வைத்து, வெள்ளிக் கிண்ணத்தில் மஞ்சள் நீர் கொடுத்தார்கள். அண்ணன் வாயருகே கொண்டுபோய்விட்டுக் குடிக்காமல் தூண் பக்கம் பார்த்தார். அங்கே எங்களைப் பெற்ற ஆத்தா நின்றார். ஆத்தா தலையை ஆட்டிய பிறகுதான் குடித்தார். மோவாயில் மஞ்சள் வழிந்ததை யாரும் துடைக்கவில்லை. எந்த ஆத்தா துடைப்பது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தால் அண்ணனுக்கு விருந்தாளிகள் சாப்பிடுகிற பட்டாலையில் இலை போடுவார்கள். நாங்கள் அடுப்படிப் பக்கம் தட்டில் சாப்பிடுவோம். அவர் என்னைப் பார்த்து, ‘நானும் அங்கே வரவா?’ என்று சைகை காட்டுவார். போன வீட்டில் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் விளையாட்டில் சண்டை வந்தால் ‘நீ உன் வீட்டுக்குப் போ’ என்பார்களாம். பிறந்த வீட்டில் விருந்தாளி, போன வீட்டில் அடைப்புக்குறி. அண்ணன் இதைச் சொன்னது அறுபது வயதுக்கு மேல்தான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது இதனால்தான்.

நம் நகரத்தார் பக்கத்தில் பிள்ளை கூட்டுவது இன்று நேற்று வந்த வழக்கமா? விளக்கேற்ற ஆளில்லாமல் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம், அழிந்துவிடக் கூடாது என்று, ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகளுக்குள் பார்த்து, ஊரைக் கூட்டிச் செய்கிற காரியம். சிறுகூடல்பட்டியில் 1927-இல் பிறந்த முத்தையாவைக் காரைக்குடியில் ஒரு வீட்டில் கூட்டிக்கொண்டு நாராயணன் என்று கூப்பிட்டார்கள். பின்னால் அவரே தனக்குக் கண்ணதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டார். மூன்று பெயர். அந்தப் படத்தின் பெயருக்குப் பின்னால் போட்டது போல, எந்தப் பெயருக்கும் யாரும் நட்சத்திரக் குறி போடவில்லை. சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, தத்தெடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை எல்லா வகையிலும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

உங்கள் இருவருக்கும் ஒரே ஐயா பெயரை ஏன் வைத்தார்கள்? நம் வழக்கப்படி அண்ணன் பிள்ளைக்கும் தம்பி பிள்ளைக்கும் அப்பாவின் அப்பா பெயர்தான் வரும். உங்களுக்குப் பிறந்ததும் கிடைத்தது. அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, இவனும் அந்த ஐயாவின் பேரன் என்று ஊர் முன்னால் சொல்வதற்காக உங்கள் சித்தப்பா வைத்தார். அந்தப் பெயரைத்தான் நீங்கள் ‘ஒட்டிக்கொண்டது’ என்று எழுதினீர்கள்.

படைப்புக்குப் போகலாமா என்று கேட்கவே கூடாது. முன்னோருக்குப் புது வேட்டி, சேலை வைத்து இலை போடுகிற நாளில் பங்காளி வீட்டார் அத்தனை பேரும் நிற்க வேண்டும். அன்றைக்கு அங்கே இலை போடுவதே ஐயாவுக்கும் அவர் முன்னோருக்கும்தான். ஒரு சினிமா போஸ்டரைக் காரணம் காட்டி அதிலிருந்து ஒதுங்குவீர்களா? நீங்கள் வராமல் அவர் மட்டும் வந்து நின்றால் யாரால் இந்த நிலை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேரும் வராவிட்டால் உங்கள் அப்பத்தா இருந்தால் அவர் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

இந்த வாரமே தம்பியைக் கூப்பிடுங்கள். அவருடைய நம்பருக்கே கூப்பிடுங்கள், சித்தி மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். ‘நீ தப்பா எடுத்துக்கிட்டே’ என்ற பேச்சே வரக் கூடாது. ‘நான் தப்பாச் சொல்லிட்டேன்’ என்று சொல்லுங்கள். எடுக்கவில்லை என்றால் மறுநாளும் கூப்பிடுங்கள். மன்னிப்பு அதோடு முடியாது. எழுதியது குழுவில், அதனால் குழுவிலும் எழுத வேண்டும். படைப்புக்கு முதல் நாளே ஊருக்குப் போய்விடுங்கள்.

போனதும் முதலில் சித்தப்பாவைத் தனியாகப் பாருங்கள். அந்தக் குழுவில் அவரும் இருக்கிறார் இல்லையா? நீங்கள் எழுதிய வரியை அவரும்தான் படித்திருப்பார், ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அந்தப் பெயரைக் கொடுத்தவர் அவர். அவரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.