கையில் உருண்டது மரவட்டையா, வேறு ஒன்றா?

போன இதழில் மரவட்டைகளின் கால்களைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: தொட்டவுடன் பந்து போல மூடிக்கொள்கிறதே, அது என்ன? அதனால் இந்த முறை முழுப் பக்கத்தையும் அந்த உருண்டைகளுக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: காட்டு நடையின்போது ஈரமான சருகுக்கு அடியில் கருப்பாக, பளபளப்பாக ஒரு பிராணி கிடைத்தது. தொட்டதும் கோலிக்குண்டு மாதிரி உருண்டுகொண்டது. கூட வந்த நண்பர் அதை 'பில் பக்' என்கிறார், நான் மரவட்டை என்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: உருண்டுகொண்டது என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுமே உருளும். இந்த ஒரு அடையாளத்தை நம்பித்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள்.

பில் பக் என்பது நண்டு, இறால் வகையறாவைச் சேர்ந்தது, தரையில் வாழப் பழகிக்கொண்ட ஓடுடைய பிராணி. மரவட்டை பலகாலிகள் கூட்டத்தைச் சேர்ந்தது. கணுக்காலிகள் என்ற பெரிய தொகுதிக்குள் இரண்டும் அடங்கும் என்பதைத் தவிர நெருங்கிய உறவு கிடையாது. உருளும் பழக்கம் இரண்டுக்கும் தனித்தனியாக வந்தது. ஈரம் காயாமல் இருக்க வேண்டும், மென்மையான அடிவயிற்றை எதிரியிடமிருந்து காக்க வேண்டும், இருப்பதோ சருகுக்குள் என்ற ஒரே மாதிரியான நெருக்கடிக்கு இரண்டும் ஒரே மாதிரியான விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன.

அது திறந்து நடக்கும்வரை காத்திருந்து கால்களைப் பாருங்கள். வளர்ந்த பில் பக்குக்கு 7 இணைக் கால்கள், அவ்வளவுதான், ஒரு தகட்டுக்கு ஒரு இணை. உருளும் மரவட்டைக்கு வகையையும் ஆண் பெண்ணையும் பொறுத்து 17 முதல் 23 இணைகள் வரை இருக்கும், நடக்கும்போது அடியில் ஒரு அலை ஓடுவது போலத் தெரியும். எண்ண முடியவில்லை என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். பில் பக்கின் வால் முனையில் சின்னச் சின்னத் தகடுகள் அடுக்கடுக்காக முடியும், மரவட்டைக்கோ கடைசியில் கேடயம் போல ஒரே ஒரு பெரிய தகடு. பூதக்கண்ணாடி கூடத் தேவையில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த ஒற்றைக் கேடயம் தெளிவாகத் தெரிகிறது. மரவட்டைதான்.

கேள்வி: மரவட்டை என்றால் நீளமாக, ரயில் மாதிரி இருக்க வேண்டாமா? இவ்வளவு குட்டையான ஒன்றை எதை வைத்து அந்தக் கூட்டத்தில் சேர்த்தார்கள்?

பதில்: நீளத்தை வைத்து அல்ல, காலின் அமைப்பை வைத்து. மரவட்டைகளின் வகுப்புக்கு டிப்ளோபோடா என்று பெயர், கிரேக்கத்தில் 'இரட்டைக் கால்' என்று பொருள். கழுத்துத் தகட்டுக்குக் கால் கிடையாது, அடுத்த மூன்று கண்டங்களுக்கு, அதாவது உடம்பின் துண்டுகளுக்கு, ஒவ்வொரு இணை, அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு கண்டத்துக்கும் இரண்டிரண்டு இணை. கருவில் தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு கண்டங்கள் சேர்ந்து ஒன்றானதன் அடையாளம் அது. பூரானுக்கு இப்படி இல்லை, அதற்குக் கண்டத்துக்கு ஒரு இணைதான். உங்கள் குட்டை உருண்டையைத் திருப்பிப் பார்த்தால் இதே இரட்டைக் கால் ஏற்பாடுதான் இருக்கும்.

இந்த வகுப்பில் இதுவரை சுமார் 12,000 சிற்றினங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், இன்று உயிரோடு இருப்பவை 16 வரிசைகள், அதாவது வகுப்புக்குள் வரும் பெரிய பிரிவுகள். அவற்றை மூன்று பெரிய கிளைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பெனிசில்லாட்டா, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள, உடம்பெல்லாம் முடிக்கற்றை உள்ள மென்மையான குட்டிகள், இவற்றின் தோலில் சுண்ணாம்புச் சத்து ஏறுவதில்லை. இன்னொன்று ஹெல்மின்தோமார்ஃபா, நாம் அன்றாடம் பார்க்கும் நீள மரவட்டைகள், தட்டையான முதுகு உள்ளவை எல்லாம் இதில் வரும். மூன்றாவதுதான் நம்முடையது, பென்டசோனியா.

பென்டசோனியா என்றால் ஐந்து பட்டை. இந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் உருளுவதன் ரகசியம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. நீளமான உருளை வடிவ மரவட்டையின் ஒரு கண்டத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முதுகு, பக்கம், அடி எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரு முழு வளையமாக இருக்கும். குழாய் மாதிரி. குழாயைப் பந்தாக மடிக்க முடியாது, அதனால்தான் நீள மரவட்டை கடிகார ஸ்பிரிங் போலத் தட்டையாகச் சுருள்கிறது. பென்டசோனியாவில் முதுகுத் தகடு ஒன்று, பக்கத் தகடு இரண்டு, அடித் தகடு இரண்டு என ஐந்தும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கின்றன. வளைவான முதுகு மேலே கூரையாக, அடிப்பக்கம் நெகிழ்வாக இருப்பதால் கால்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு மடிய முடிகிறது.

இந்தப் பிரிவுக்கு 1833-இல் பெயர் வைத்தவர் ஜெர்மனியில் பிறந்து ரஷ்யாவில் பணிபுரிந்த யோகான் ஃபிரீட்ரிக் பிராண்ட். பில் பக்கின் பேரினமான அர்மடில்லிடியத்துக்குப் பெயர் வைத்தவரும் அவரேதான். மேலே சொன்ன குழப்பத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே மனிதர் மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறார் என்று நினைக்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

கேள்வி: ஆயிரங்கால் என்கிறார்களே, உண்மையில் ஆயிரம் உண்டா?

பதில்: 2021 வரை இல்லை. அந்த ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவில், தரைக்கு 60 மீட்டர் அடியில் ஒரு துளைக்குள் கிடைத்த யூமில்லிப்பெஸ் பெர்செஃபோனி என்ற சிற்றினத்தை விவரித்தார்கள், அதில் ஒன்றுக்கு 1,306 கால்கள். அதற்கு முன் முதலிடத்தில் இருந்தது கலிஃபோர்னியாவின் இல்லக்மி பிளெனிப்பெஸ், 750. உருளும் வகைகள் இந்தப் போட்டியிலேயே இல்லை.

கேள்வி: மாணவர்களோடு சேர்ந்து குளோமெரிஸ் என்ற உருளும் மரவட்டையின் படங்களைப் பார்த்து எண்ணினோம். முதுகில் 12 தகடுகள். பெண்ணுக்கு 17 இணைக் கால், ஆணுக்கு 19. தகடு ஒன்றாக இருக்கும்போது கால் மட்டும் எப்படி வேறுபடும்? நாங்கள் தவறாக எண்ணிவிட்டோமா?

பதில்: சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். மாணவர்களிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள், இது ஆராய்ச்சியாளர்களையே திணற வைத்த கேள்வி. மேலே இருக்கும் தகடும் கீழே இருக்கும் கால்களும் ஒன்றுக்கு ஒன்று என்று பொருந்தியே தீர வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். குளோமெரிஸ் மார்ஜினாட்டா என்ற ஐரோப்பிய உருளும் மரவட்டையின் கருவை வைத்து, கண்டங்களை உருவாக்கும் மரபணுக்கள் எங்கே எப்போது வேலை செய்கின்றன என்று பார்த்தார்கள். முதுகுப் பக்கம் கண்டங்கள் பிரியும் முறையும் வயிற்றுப் பக்கம் பிரியும் முறையும் வேறு வேறாக இருந்தன. அதாவது 'ஒரு தகட்டுக்கு இரண்டு இணை' என்பது வெளியிலிருந்து பார்த்து நாம் சொல்லும் வசதியான விதி. உள்ளே நடப்பது அதைவிடச் சிக்கலானது.

ஆணுக்குக் கூடுதலாக இருக்கும் அந்தப் பின் கால்களைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: உருளும் மரவட்டைகள் எல்லாமே ஒரே வகைதானா? சில பட்டாணி அளவு, சில எலுமிச்சையைவிடப் பெரிதாக இருக்கின்றனவே.

பதில்: இரண்டு வரிசைகள் இருக்கின்றன. சிறியவை குளோமெரிடா, பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கும், ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, ஆசியா, வட அமெரிக்கா என வடபாதி உலகத்தவை. பெரியவை ஸ்பீரோதெரியிடா. தென் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. வரைபடத்தில் இந்த இடங்களைக் குறித்துப் பார்த்தால் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த கோண்டுவானா நிலப்பரப்பின் துண்டுகள் பலவும் அதில் தெரியும். மடகாஸ்கரில் வாழும் ஸ்பீரோமைமஸ் என்ற பேரினம், அதே தீவின் மற்ற உருளும் மரவட்டைகளைவிட இந்தியாவின் ஆர்த்ரோஸ்பீராவுக்கு நெருக்கமானது. நிலங்கள் பிரிவதற்கு முன்பே இவற்றின் கிளைகள் பிரிந்திருந்தன என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவதாக குளோமெரிடெஸ்மிடா என்ற ஒரு சிறிய வரிசையும் பென்டசோனியாவில் உண்டு, ஆனால் அவற்றால் உருள முடியாது. இதற்கு நேர்மாறாக, தட்டை முதுகு மரவட்டைகளில் ஒன்றிரண்டு குடும்பங்கள் உருளக் கற்றுக்கொண்டிருக்கின்றன. உருளுவதை வைத்து வகைப்படுத்தக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பெரியது, சிறியது என்பதைவிட நம்பகமான வேறுபாடு தலையிலும் பின்பக்கத்திலும் இருக்கிறது. குளோமெரிடாவுக்குக் கண் இருந்தால் சில புள்ளிகள் ஒரு வரிசையாக இருக்கும், ஸ்பீரோதெரியிடாவுக்கு நிறையக் கண்புள்ளிகள் கூடிச் சிறுநீரக வடிவில் ஒரு திட்டாக இருக்கும். பின்பக்கத்தில் ஆணுக்குப் பற்றுக்கால்கள் உண்டு. நீள மரவட்டைகளில் ஆணின் இனப்பெருக்கக் கால்கள் ஏழாவது வளையத்தில், உடம்பின் முன்பாதியிலேயே இருக்கும். பென்டசோனியாவில் அந்தப் பொறுப்பு கடைசிக் கால்களுக்குப் போய்விட்டது. குளோமெரிடாவில் 19-ஆவது இணை கொக்கி போல மாறியிருக்கும். ஸ்பீரோதெரியிடாவில் பெண்ணுக்கு 21 இணை, ஆணுக்கு 23, கடைசி இரண்டு இணைகளும் இடுக்கி போல இருக்கும்.

ஆனால் விந்து வெளிவரும் துளை இருப்பது முன்பக்கம், இரண்டாவது இணைக் காலடியில். பெண்ணின் துளையும் அங்கேதான். அப்படியானால் பின்னால் இருக்கும் கொக்கி எதற்கு? பிடித்துக்கொள்ள. குளோமெரிஸ் ஆண் பின்பக்கமாக நடந்து வந்து பெண்ணைப் பற்றிக்கொண்டு, விந்தைக் கால் மாற்றிக் கால் பின்னோக்கிக் கடத்தி அனுப்புகிறது. இத்தனை கால்கள் வரிசையாக இருப்பதற்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று நான் முதலில் படித்தபோது நினைத்தே பார்க்கவில்லை.

இதில் இன்னொரு சிக்கல், ஆண் தொட்டதும் பெண் பந்தாக மூடிக்கொள்ளும். ஸ்பீரோதெரியிடாவின் பல சிற்றினங்களில் ஆணின் முன் பற்றுக்காலில் மெல்லிய வரிவரியான மேடுகள் இருக்கின்றன, இதை 'யாழ்' என்றே ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். அதைப் பின் கேடயத்தின் உட்புறத்தில் உரசி ஒலியும் அதிர்வும் எழுப்பும். வந்திருப்பது எதிரி அல்ல, தன் இனத்து ஆண் என்று பெண்ணுக்குத் தெரியப்படுத்தி அதைத் திறக்க வைப்பதற்காகத்தான் இந்த இசை என்று கருதுகிறார்கள். சிற்றினத்துக்குச் சிற்றினம் வரிகளின் எண்ணிக்கை மாறுவதால் அடையாளம் காணவும் இந்த யாழ் உதவுகிறது.

கேள்வி: உருண்ட மரவட்டையை என் மகன் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பூட்டு மாதிரி ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. தயவுசெய்து பிரிக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள், விரல் வலிமைக்கு அது திறப்பதற்கு முன் தகடுகள் கிழிந்துவிடும். பெரிய உருளும் மரவட்டைகளில் கழுத்துக்கு அடுத்த தகடு மற்றவற்றைவிட மிகப் பெரியது, அதன் விளிம்பில் ஒரு பள்ளம் ஓடும். உருளும்போது பின்னால் வரும் தகடுகளின் முனைகள் அந்தப் பள்ளத்தில் வரிசையாக உட்காரும், கடைசியில் பின் கேடயம் வந்து மூடும். கேடயத்தின் உட்புறத்தில் சிறிய கறுத்த மேடுகள் இருக்கின்றன, அவைதான் தாழ்ப்பாள். தகடுகளில் கால்சியம் கார்பனேட் ஏறியிருப்பதால் ஓடும் கெட்டி.

இதற்கும் ஒரு எதிரி வழி கண்டுபிடித்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் வரிக்கீரிகள் இந்த உருண்டையைத் திறக்க முயல்வதில்லை. பாறைக்கு முதுகு காட்டி நின்று, முன்னங்கால்களால் பிடித்துப் பின்னங்கால்களுக்கு நடுவே பின்னோக்கி வீசி உடைக்கின்றன. 1967-இல் இதை ஆய்விதழில் பதிவு செய்தார்கள்.

கேள்வி: கையில் எடுத்தால் விஷமா?

பதில்: கடிக்காது, கொட்டாது. ஸ்பீரோதெரியிடாவுக்கு விஷச் சுரப்பியே இல்லை, பூட்டை மட்டும் நம்பியிருக்கிறது. குளோமெரிடா தொந்தரவு அதிகமானால் முதுகின் நடுக்கோட்டில் இருக்கும் துளைகளிலிருந்து பசை போன்ற துளிகளை விடும். அதில் குளோமெரின், ஹோமோகுளோமெரின் என்ற இரண்டு சேர்மங்கள் இருக்கின்றன. இதைத் தின்ன வந்த ஓநாய்ச் சிலந்திகள் பல மணி நேரம் அசையாமல் மயங்கிக் கிடந்ததைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் தூக்க மாத்திரையாக விற்ற மெத்தகுவலோனும் வேதியியல் அமைப்பில் இவற்றுக்குச் சொந்தம். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள், போதும்.

கேள்வி: உருண்டதைத் துன்புறுத்தாமல் ஆணா பெண்ணா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: ஈரமான இலை ஒன்றின் மேல் வைத்துவிட்டு அசையாமல் இருங்கள். மேலே மூச்சுக்காற்று படக் கூடாது, பட்டால் மறுபடி இறுக்கிக்கொள்ளும். சில நிமிடங்களில் ஓரத்தில் ஒரு மெல்லிய பிளவு தெரியும், உணர்கொம்புகள் வெளியே வந்து இலையைத் தட்டிப் பார்க்கும், அப்புறம் கால்கள். அது நடக்கத் தொடங்கியதும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஏறவிட்டுக் கீழிருந்து பாருங்கள். பின் கேடயத்துக்கு அடியில் தடித்த, வளைந்த கால்கள் மடிந்திருந்தால் அது ஆண். பார்த்து முடித்ததும் எடுத்த அதே சருகுக்கு அடியிலேயே விட்டுவிடுங்கள், வெளியே வெயிலில் விட்டால் கொஞ்ச நேரத்திலேயே ஈரம் வற்றிவிடும்.