கணினிக் கேள்வி பதில்: அவர் கிளை, உங்கள் கிளை

கேள்வி: அண்ணே, எங்கள் தோட்டத்து மண்டபத்தில் டியூஷன் பிள்ளைகளுக்காகப் பழைய கணினிகளில் டெபியன் இயங்குதளம் போட்டிருக்கிறேன். தமிழ்த் தட்டச்சு பழகும் நிரல் ஒன்றைக் கொஞ்சம் மாற்றி, நிறுவத் தயாரான பேக்கேஜாகக் கட்டி, பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடுகிறேன். எழுதியவர் புதிதாக வெளியிடும்போதெல்லாம் என் மாற்றங்கள் காணாமல் போகின்றன. அவர் பதிப்பு எண்ணும் போடுவதில்லை. ‘புதுசு’, ‘புதுசு2’, ‘கடைசி’ என்று கோப்புறைகள் குவிந்து கிடக்கின்றன. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் கருவியைப் பழகினால் தீருமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தீரும்மா. ஆனால் ‘கடைசி’யை அப்படியே தூக்கிக் கிட்டில் போட்டால் குழப்பமும் கூடவே வந்துவிடும். முதலில் கிட்டில் இரண்டு கிளை, அதாவது ஒரே நிரலுக்கு இரண்டு தனித் தடம், வையுங்கள். ஒன்றில் அவர் வெளியிட்டது மட்டும், ஒரு எழுத்துகூட மாற்றாமல். மற்றதில் அதோடு, பேக்கேஜ் கட்டும் குறிப்புகள் உள்ள உங்கள் ‘டெபியன்’ கோப்புறை. அவருடைய நிரலில் நீங்கள் செய்யும் மாற்றங்கள் அந்தக் கோப்புறைக்குள்ளேயே, தனித்தனி பேட்ச்சாக, அதாவது மாறிய வரிகளை மட்டும் குறிக்கும் கோப்பாக, இருக்கட்டும். அவர் புதியது விட்டால் அவர் கிளையில் சேர்த்து, உங்கள் கிளைக்கு இழுத்து, பேட்ச்களை மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும். பொருந்தாதது எது என்று அங்கேயே தெரிந்துவிடும். இதற்கென்றே கிட்-பில்ட்பேக்கேஜ் என்ற கருவி டெபியனில் இருக்கிறது. அப்புறம், எல்லோருக்கும் பயன்படும் பேட்ச்சை அவருக்கே அனுப்பிவிடுங்கள். அவர் ஏற்றுக்கொண்டால் உங்களுக்கு ஒரு சுமை குறையும்.

எண் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எண் இல்லையே என்று 20250310 எனத் தேதியைப் போட்டால், நாளைக்கு அவர் 1.0 என்று வெளியிடும்போது கணினி அதைப் பழசு என்று ஒதுக்கிவிடும். சரிசெய்ய முன்னால் ‘1:’ சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் அந்தப் பேக்கேஜ் உள்ளவரை அதை எடுக்க முடியாது. அதனால் 0~20250310-1 என்று போடுங்கள். அந்த அலைக்குறி (~) இருந்தால், வெறும் 0-வைவிடவும் சிறியதாகவே கணக்காகும். கோட்டுக்குப் பின்னால் வரும் 1 உங்களுடையது. அவர் நிரல் மாறாமல் பேக்கேஜை மட்டும் திருத்தினால் 2 ஆக்குங்கள்.

‘திருத்தியது ஒரு வரிதானே’ என்று அதே எண்ணில் இரண்டாம் முறை கட்டிக் கொடுக்காதீர்கள். எந்தக் கணினியில் எது ஏறியிருக்கிறது என்று பிறகு உங்களுக்கே தெரியாது. சேஞ்ச்லாக் என்னும் மாற்றக் குறிப்பேடு தோட்டத்துக் கிராணியாரின் செக்ரோல் பதிவேடு மாதிரி: பெயர், தேதி, என்ன வேலை, எல்லாம் அன்றன்றைக்கு. கொடுத்த ஒவ்வொரு பதிப்புக்கும் கிட்டில் ஒரு டேக், அதாவது பெயர் அடையாளம், குத்திவிடுங்கள்.

கேள்வி: கட்டி முடித்த பேக்கேஜான டெப் (.deb) கோப்பையும் கிட்டிலேயே வைக்கலாமா?
- வாசகர், பாகாவ்

பதில்: வேண்டாம். பிறகு அழித்தாலும் வரலாற்றில் அது உட்கார்ந்திருக்கும். களஞ்சியம் ஊதிக்கொண்டே போகும், தோட்டத்து இணைய வேகத்தில் யாராலும் இறக்க முடியாது. டேக் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கட்டலாம். ஆனால் சொந்த மடிக்கணினியில் நேராகக் கட்டாமல் எஸ்பில்ட் மாதிரிக் கருவியால் வெற்றுச் சூழலில் கட்டுங்கள். கட்டுவதற்குத் தேவையான மென்பொருள்களின் பட்டியலில் ஏதாவது எழுத மறந்திருந்தால் அங்கேதான் பல்லிளிக்கும்.