ஒரு கிலோ கேக்கின் கணக்கு

அன்புள்ள அக்கா,

காக்ஸ் டவுனில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்ற ஆண்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். எனக்குச் சொந்த ஊர் ஆம்பூர். திருமணமாகி ராமமூர்த்தி நகருக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு 9,500 ரூபாய் கட்டி மூன்று நாள் கேக் அலங்கார வகுப்பில் சேர்ந்தேன். அடுக்ககத்தில் உள்ளவர்களும் தேவாலயத்துக்கு வருபவர்களும் ஆர்டர் கொடுக்கிறார்கள். போன மாதம் பதினொரு கேக் போயிற்று. ஒரு கிலோவுக்கு 900 ரூபாய் வாங்குகிறேன். பொருட்செலவு 400 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் 2,500 ரூபாய்கூட நிற்பதில்லை. 45,000 ரூபாய் செலவழித்துச் சர்க்கரைப் பூ செய்யும் உயர்நிலை வகுப்பில் சேரலாம் என்று நான் நினைக்கிறேன். கடன் வாங்கியாவது ஒரு கடை பிடித்துவிடலாம் என்கிறார் கணவர். எது சரி? இன்னொன்றும் கேட்க வேண்டும். நாத்தனார் வீட்டுக் கேக்குக்குப் பணம் வாங்கலாமா?

எஸ்., பெங்களூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் விலையும் பொருட்செலவும் இருக்கின்றன; ஒரு கேக்குக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பது மட்டும் எங்கும் இல்லை. அது இல்லாமல் போனதுதான் உங்கள் சிக்கல் என்று நினைக்கிறேன். வகுப்பா கடையா என்ற கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

900 ரூபாயில் 400 பொருளுக்குப் போனால் 500 ரூபாய் லாபம் என்று உங்கள் மனம் கணக்கிட்டிருக்கிறது. பெட்டி, அடியில் வைக்கும் அட்டை, மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் கத்தி எல்லாம் சேர்ந்து 80 ரூபாய் என்று வையுங்கள். மின்சாரத்துக்கு 20 ரூபாய். வாடிக்கையாளர் வீட்டுக்கு ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்புவதற்கு, அருகில் என்றாலும், 140 ரூபாய். மீதி 260. இனி நேரத்தைப் பாருங்கள். சாமான் வாங்குவதில் தொடங்கி, ஸ்பாஞ்ச் சுட்டு, ஆறவைத்து, மேற்புறத்தைச் சமமாக வெட்டி, பாகு தெளித்து, க்ரீம் அடித்து, முதல் பூச்சு பூசி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து, இரண்டாம் பூச்சு பூசி, பூ வைத்து, பெயர் எழுதி, பாத்திரம் கழுவி முடிப்பதற்கு ஒரு கேக்குக்கு உங்களுக்கு ஆறு மணி நேரமாவது ஆகும். 260 ரூபாயை ஆறால் வகுத்தால் மணிக்கு 43 ரூபாய் வருகிறது. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவருக்கு அந்தக் கூலியைச் சொல்லிப் பாருங்கள், மறுநாள் வரமாட்டார்.

பதினொரு கேக்குக்கு 2,860 ரூபாய்; அதில் வீணான அரைப் பொட்டலம் க்ரீமையும் சரிந்துபோன ஒரு ஸ்பாஞ்சையும் கழித்தால் நீங்கள் சொல்லும் 2,500 வந்துவிடுகிறது. பணம் எங்கும் தொலைந்து போகவில்லை. அது வரவே இல்லை.

உங்கள் கைக்கு மணிக்கு 150 ரூபாய் என்று ஒரு கூலியை முடிவு செய்யுங்கள். ஆறு மணி நேரத்துக்கு 900; பொருள், பெட்டி, மின்சாரம் 500; ஆகவே 1,400 ரூபாய், கொண்டுபோய்க் கொடுப்பதற்குத் தனியாக. இந்த விலையைச் சொன்னால் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று பயப்படுவீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால், விலையை இறக்குவதற்கு முன் நேரத்தை இறக்கப் பாருங்கள். இரண்டு ஆர்டர்களுக்கான ஸ்பாஞ்சை முந்தைய நாள் இரவே ஒன்றாகச் சுட்டு, நன்றாக ஆறியபின் இறுகச் சுற்றிக் குளிரில் வைத்துவிட்டால் ஒரு கேக்குக்கான நேரம் நான்கு மணியாகக் குறையும். அப்போது 600, 500, ஆக 1,100 ரூபாய். உங்கள் பகுதியில் வீட்டுக் கேக்குக்கு இந்த விலையைக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதுவரை உங்களிடம் வராததற்கு 900 என்ற விலையே காரணமாக இருக்கலாம்.

நேரத்தை மிகுதியாகத் தின்பது அலங்காரமல்ல, வடிவத் தேர்வு. வாடிக்கையாளர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும், ஆனால் ஃபாண்டன்ட் வேண்டாம், க்ரீமிலேயே செய்து கொடுங்கள் என்பார். அந்தப் படத்தில் இருப்பது ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரை மாவைத் தகடாகத் தேய்த்துப் போர்த்திய கேக். அதன் கூர்மையான விளிம்பு க்ரீமில் வராது. சரி, கேக்கில் க்ரீமைப் பூசி மேலே மட்டும் ஃபாண்டன்ட் பொம்மையை வைக்கலாம் என்றால், க்ரீமில் உள்ள ஈரத்தைச் சர்க்கரை உறிஞ்சிப் பொம்மையின் கால் கரையத் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் ஃபாண்டன்ட் வியர்க்கும். மே மாதத்து மாலை மழைக்குப் பிறகு பெங்களூர்க் காற்றில் இது இன்னும் மோசம். பொம்மையை முதல் நாளே செய்து காயவைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன்னர், அடியில் உருகிய சாக்லேட்டைப் பூசி நிறுத்தினால் தப்பலாம். இப்படி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புதிய பரிசோதனை செய்துகொண்டிருந்தால், நீங்கள் எந்த ஆண்டிலும் ஆறு மணி நேரத்துக்குக் கீழே வரமாட்டீர்கள். ஐந்து வடிவங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள். ஆறாவதைக் கேட்பவரிடம், அதை நான் செய்வதில்லை என்று சொல்லுங்கள்.

சர்க்கரைப் பூ வகுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். டிசம்பரில் நம் ஊரில் நடக்கும் கேக் கண்காட்சிக்கு நீங்கள் போயிருப்பீர்கள். 1905 இல் நீலகிரியில் தொடங்கி 1936 இல் பிரிகேட் சாலைக்கு வந்த நீல்கிரிஸ் கடையின் பெயரோடு நீண்ட காலம் நடந்து, அரை நூற்றாண்டாகத் தொடரும் காட்சி அது. கோட்டையும் தேவாலயமும் ஆளுயர உருவங்களும் சர்க்கரையில் எழுந்து நிற்பதை நானும் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். அவற்றைச் செய்யும் கலைஞர்கள் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அவை காண்பதற்கானவை, வெட்டித் தின்பதற்கானவை அல்ல. கம் பேஸ்ட் என்னும், காய்ந்து இறுகும் சர்க்கரை மாவில் செய்த ரோஜா ஒன்றின் இதழ்களைத் தனித்தனியாக மெலியத் தேய்த்து, கம்பியில் கோத்து, காயவைத்து, நிறம் தீட்ட எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அரை கிலோ பிறந்தநாள் கேக் வாங்குகிறவர் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பணம் தரமாட்டார். பரவாயில்லை, ஒரு நிஜ ரோஜாவைச் செருகிவிடுங்கள் என்பார். திருமணக் கேக்குகளுக்கான ஆர்டர் உங்களைத் தேடி வரத் தொடங்கிய பிறகு அந்த வகுப்பில் சேருங்கள்.

இப்போது நீங்கள் கற்க வேண்டியது சமமாகப் பூசுவது. மூன்று நாள் வகுப்புகளில் பூக்களை நிறையச் சொல்லித் தருவார்கள், பூச்சைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பூவைப் படம் எடுத்து வீட்டாரிடம் காட்டலாம் அல்லவா. ஆனால், வாடிக்கையாளர் பெட்டியைத் திறந்ததும் அவர் கண் முதலில் போவது கேக்கின் பக்கச் சுவருக்குத்தான். வனஸ்பதியையும் ஐசிங் சர்க்கரையையும் அடித்து ஒரு பயிற்சிக் க்ரீம் செய்துகொள்ளுங்கள். எவர்சில்வர் டப்பா ஒன்றைச் சுழல்மேடையில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் அந்தக் க்ரீமைப் பூசுங்கள், வழித்தெடுங்கள், மறுபடி பூசுங்கள். அதே க்ரீம் பல நாள் உழைக்கும். க்ரீமை வழிக்கும் தகடான ஸ்க்ரேப்பரைப் பிடித்த கை அசையக் கூடாது. மேடைதான் சுழல வேண்டும். நான் இதைப் புரிந்துகொள்ள நான்கு மாதமானது. அதுவரை கையைக் கேக்கைச் சுற்றி ஓட்டிக்கொண்டு, ஏன் அலை அலையாக வருகிறது என்று க்ரீமைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோடு இழுப்பதற்கு உங்களுக்கு வேறு பள்ளி தேவையில்லை. கோலமிடும் கை தரையைத் தொடாமல் சற்று உயரத்தில் நின்று, மாவைக் கோடாக விழவிடுகிறது. க்ரீம் பிழியும் பைப்பிங் பையும் அப்படித்தான்: முனையைக் கேக்கில் அழுத்தி இழுத்தால் கோடு கிழியும், தொட்டுத் தொடங்கி, உயர்த்தி, இழையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, வளைவு முடியும் இடத்தில் மீண்டும் தொட வேண்டும். என் அம்மா வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பையைக் கையில் வாங்கி இழுத்த கோடு, நான் அன்றைக்கு இழுத்ததைவிட நேராக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த ஊரில் உங்களுக்கு ஒரு வசதி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வளைகாப்புக்கும் மணிவிழாவுக்கும் கேக் வெட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால், அந்தக் கேக்கில் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். தமிழில், கன்னடத்தில் அழகாக எழுதத் தெரிந்த கைகள் குறைவு. பைப்பிங் பையின் முனையில் மாட்டும் நாசில்களில் இரண்டாம் எண்ணில் பழகிப் பாருங்கள். கன்னட எழுத்தின் வளைவுகளில் க்ரீம் தானாக வழுக்கிக்கொண்டு போகும். தமிழில் ழகரமும் ஐகாரக் கொம்பும் பார்ப்பதற்குக் கடினமாகத் தெரிந்தாலும் எளிதில் வந்துவிடும். டகரமும் பகரமும்தான் படுத்தும், ஏனென்றால் மூலையில் அழுத்தத்தை நிறுத்தித் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்த மூலையில் ஒரு குமிழ் நிற்கும். பெயரை எப்படி எழுத வேண்டும் என்பதை வாடிக்கையாளரே வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பட்டும். காதால் கேட்டு எழுதி ஒரு குழந்தையின் பெயரை நான் கெடுத்திருக்கிறேன்.

உங்கள் கணவரின் யோசனையை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆனால், இந்த நகரத்தில் பேக்கரி எப்படிப் பிழைக்கிறது என்று பாருங்கள். சிக்பேட்டையில் 1898 இல் ஹாசன் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தொடங்கிய கடையின் வழியைப் பின்பற்றித் தெருவுக்குத் தெரு ஐயங்கார் பேக்கரி நிற்கிறது. அவர்களுக்கு வாடகை கட்டுவது காரா பன்னும் பெண்ணே (வெண்ணெய்) பிஸ்கட்டும் ரொட்டியும். காலை முதல் இரவு வரை நின்று வாங்கிப் போகும் கூட்டம். அலங்காரக் கேக் ஆர்டரின் பேரில் செய்வது, கடைக்கு வந்து கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து வாங்குவதல்ல. கடை பிடித்தால் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, நீங்கள் பன் சுடப் பழக வேண்டியிருக்கும். அதில் விருப்பம் இருந்தால், ஹெப்பாளில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பேக்கரிப் பயிற்சிப் பிரிவில் விசாரியுங்கள்; மாவைப் பற்றி முறையாகச் சொல்லித் தரும் இடம் அது. அலங்காரம் மட்டும்தான் வேண்டும் என்றால் உங்கள் சமையலறை போதும்.

சமையலறை போதும் என்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். நான் பதிந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் பதினான்கு இலக்க எண்ணைப் பெட்டியிலும் ரசீதிலும் அச்சிடுங்கள். நிறங்களில் கவனம் வேண்டும். 2024 அக்டோபரில் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை பரிசோதித்த 235 கேக் மாதிரிகளில் 12 பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. ரெட் வெல்வெட்டும் பிளாக் ஃபாரஸ்டும்தான் அதில் அதிகம் பேசப்பட்டன. கறுப்பு க்ரீம் கேட்டால் வெள்ளைக் க்ரீமில் நிறத்தைக் கொட்டாதீர்கள். கோகோ சேர்த்த பட்டர்க்ரீமில் தொடங்கி இரவு முழுவதும் விட்டுவைத்தால் கொஞ்சம் நிறத்திலேயே கறுப்பு ஏறும்.

ஆர்டர் எடுக்கும்போதே பாதிப் பணம் வாங்குங்கள். அடுக்குக் கேக்கை அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓர் ஏப்ரல் மாதம், ஹொசகோட்டையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இரண்டடுக்குக் கேக் கொண்டுபோனேன். டின் ஃபேக்டரி சந்திப்பின் நெரிசலில் நாற்பது நிமிடம் கார் நின்றது. கேக் பின்னிருக்கையில் என் மடியருகே இருந்தது. முதலில் மேலடுக்கின் அடிவிளிம்பில் ஒரு மயிரிழை விரிசல் தெரிந்தது. க்ரீம் அதன் வழியே மெல்லப் பிதுங்கியது. பிறகு ஒரு வேகத்தடையில் மேலடுக்கு ஒரு விரல் அகலம் சாய்ந்தது, நான் கையால் முட்டுக் கொடுத்தபடியே மண்டபம் வரை போனேன். கீழடுக்கில் தடித்த ஸ்ட்ராக்களை நட்டு, அவற்றின் மேல் ஓர் அட்டை வைத்து, அந்த அட்டையின் மேல் மேலடுக்கை நிறுத்தியிருக்க வேண்டும். எடையை அவை தாங்கியிருக்கும். நான் ஸ்பாஞ்சை நம்பினேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மணப்பெண்ணின் தாய், பாதியை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வாங்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக நாத்தனார். கேக்கைச் சும்மாவே கொடுங்கள். ஆனால், 1,100 ரூபாய் என்று முழு விலையையும் எழுதி ஒரு ரசீது போட்டு, கேக் நோட்டில் அதை வரவாக வைத்துவிட்டு, வீட்டுச் செலவு நோட்டில் நாத்தனார் வீட்டுச் சீர் என்று அதே தொகையை எழுதி, வீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கேக் வரவுப் பணம் வைக்கும் டப்பாவில் போட்டுவிடுங்கள். உங்கள் கணவரையே போடச் சொன்னால் இன்னும் நல்லது, அவர் கூடப் பிறந்தவர்தானே.

அன்புடன்.