குழந்தைச் சிலையில் ஒரு பிரெஞ்சுக் கையெழுத்து

கேள்வி: ஐயா காலத்தில் வீட்டுக்கு வந்த குழந்தைச் சிலை; ஒரு சாண் உயரம். பீடத்தில் 'ஒகூஸ்த் மொரோ' என்று பிரெஞ்சில் இருக்கிறது. வெண்கலம்தானா? அப்பத்தா பொங்கலுக்குப் பொங்கல் உப்பும் புளியும் போட்டுத் தேய்ப்பார். இப்போது சிலையின் ஆடை மடிப்புகளில் பச்சைப் பொடி வருகிறது.
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: உப்பையும் புளியையும் இன்றே நிறுத்துங்கள். உப்பிலுள்ள குளோரைடு மடிப்புக்குள் தங்கிவிட்டால், ஈரமும் காற்றும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை உள்ளிருந்து தின்னும். துடைக்கத் துடைக்க வெளிர்பச்சைப் பொடி வந்தால் அது இந்த அரிப்பு நோய்தான். கெட்டியாக ஒட்டியிருக்கும் கரும்பச்சையும் பழுப்பும் வேறு. அவை சிலைக்குக் கவசம், சுரண்டக் கூடாது. பொடியை உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டும். எலுமிச்சையோ பித்தளை பாலிஷோ வேண்டாம். பொடி மறுபடி வந்தால் உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மொரோ (1834–1917) பிரான்சின் திஜோன் நகரில் சிற்பிகள் குடும்பத்தில் பிறந்தவர். குழந்தைகளும் மன்மதக் குட்டிகளும் அவருக்குக் கைவந்தவை. ஆனால் பெயர் உருவம் வடித்தவருடையது, வார்த்தவருடையது அல்ல. சுவாமிமலையில் மெழுகு உருகி, அச்சு உடைந்து, ஒரு சிலைதான் வெளிவரும். பாரிஸ் பட்டறைகளில் ஒரே மாதிரியிலிருந்து பல பிரதிகள் வார்த்தார்கள்; மலிவுக்குத் துத்தநாகத்தில் வார்த்து வெண்கல நிறம் ஏற்றியவையும் ஏராளம். ஆகவே கையெழுத்தை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்.

பீடத்தைக் கவிழ்த்து, உள்விளிம்பில் ஊசியால் மயிரிழை அளவு கீறுங்கள். பொன்னிறமோ செம்பொன்னிறமோ தெரிந்தால் செம்புக் கலவை. வெள்ளிச் சாம்பல் தெரிந்தால் துத்தநாகம். பச்சைப் பொடியை மட்டும் சாட்சியாக எடுக்க முடியாது, செம்பு முலாம் பூசிய துத்தநாகத்திலும் அது வரும். காந்தம் இரண்டிலும் ஒட்டாது. எடையும் ஏமாற்றும்: உள்ளே சுண்ண நிரப்பு வைத்துக் கனமாக்கியிருப்பார்கள்.

வெண்கலம் என்றே தெரிந்தாலும் கையெழுத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரு சிலையிலிருந்தே அச்செடுத்து மறுபடி வார்த்தால் எழுத்தின் விளிம்பும் விரல் நகங்களும் மழுங்கியிருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் உயரமும் குறையும்; 20 செ.மீ. சிலையில் 3, 4 மி.மீ. வித்தியாசம் வரலாம். அதனால் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

நூறு ஆண்டு தாண்டிய சிலை 1972 தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. காரைக்குடியில் யாராவது விலைக்குக் கேட்டாலும், முதலில் தொல்பொருள் பதிவு அலுவலரைப் பாருங்கள்.